அழையாது வரும் உதவி

மனிதன் தன் வசதிக்காக அமைத்துக்கொண்ட சாதனங்கள் ஒவ்வொன்றையும் நல்லோரும் தீயோரும் ஒருங்கே கையாளுகின்றனர். சாலை அமைந்தால் வணிகரும் அதன்வழிச் செல்வர், வழிப்பறிக்காரரும் செல்வர். அஞ்சல் தோன்றியபோது பொய்க் கடிதமும் உடன் தோன்றிற்று. அவ்வாறே, தொலைபேசியும் கணினியும் வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில், அவ்விரண்டையும் துணைக்கொண்டு நடைபெறும் வஞ்சகம் ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. "உங்கள் கணினி பழுதுற்றிருக்கிறது, நாங்கள் சீர்செய்து தருகிறோம்" என்று முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியிற் கூறுவதும், அச்சொல்லை நம்பியவர் தமது சேமிப்பை இழப்பதுமே அவ்வஞ்சகத்தின் சுருக்கமாகும். அது நடைபெறும் முறையினையும், அதனின்று தப்பும் வழியினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெருநகரத்தாருக்கன்றி நமக்கு இதனால் வரும் கவலை யாது என்று சிலர் வினவலாம். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அலுவலரும் பலர் வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் புரிகின்றனர். பெற்றோர் கணினித் திரையிலே பேரக்குழந்தைகளின் முகத்தைக் கண்டு மகிழ்கின்றனர். ஓய்வூதியக் கணக்கையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுகின்றனர். குற்றாலத்திலோ, சாரற்காலத்தில் விடுதி நடத்துவோர் அறைகளை முன்பதிவு செய்வதும் பணம் பெறுவதும் இணையத்தின் வழியாகவே. ஆகவே, வஞ்சகன் நாடும் பொருள் யாவும் பொதிகைமலைச் சாரலிலும் உள்ளன. அவன் இவ்வூர்களுக்கு வந்து கதவைத் தட்டவேண்டுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே எண்களை அழுத்தினாற் போதும்.

மெய்யான உதவி நடைபெறும் முறை

பொய்யை அறிவதற்கு முன் மெய்யை அறிதல் வேண்டும். கணினி வாங்கியவருக்கும் மென்பொருள் வாங்கியவருக்கும் ஐயம் நேரும்போது விடையிறுத்து உதவுதல் இன்று பெரியதொரு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலுக்குரிய கருவி ஒன்று நம் அண்டையிலேயே உருவாயிற்று என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம். 2011-ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதியில் அலுவலகம் ஒன்றைத் தொடங்கிய ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் இன்று மத்தளம்பாறையில் அமைந்திருக்கிறது. வாடிக்கையாளரின் முறையீடுகளைப் பெற்று, வரிசைப்படுத்தி, விடையளிக்க உதவும் 'ஜோஹோ டெஸ்க்' என்னும் மென்பொருளை அந்நிறுவனத்தின் தென்காசிக் குழுவினரே ஆக்கினர். அது 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இத்தகைய மென்பொருளின் அமைப்பிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஒருவர் தமக்குற்ற குறையை எழுதியோ சொல்லியோ தெரிவிக்கிறார். அம்முறையீட்டிற்கு ஓர் எண் வழங்கப்படுகிறது. அதன் பின்னரே, அவ்வெண்ணைச் சுட்டி, பணியாளர் ஒருவர் அவருக்கு விடையளிக்கிறார். ஆகவே மெய்யான உதவி முறையீட்டிலிருந்து பிறக்கிறது. முதலில் வாய்திறப்பவர் குறையுற்றவரே. கோடிக்கணக்கான கணினிகள் உலகில் இயங்குகின்றன. அவற்றுள் இலஞ்சியில் ஒரு வீட்டின் மாடியறையில் உள்ள கணினி நோயுற்றது என்று தொலைவிலிருந்து கண்டுபிடித்து, அவ்வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் தேடியெடுத்து, தானாகவே அழைத்து உதவும் நிறுவனம் எதுவுமில்லை. தான் கேளாதவரை அழைத்துப் பழுது பார்ப்பதில்லை என்று விண்டோஸ் மென்பொருளை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்றும் அது கூறுகிறது.

அழைத்தபின் வருவது உதவி. அழையாது வருவது ஐயத்திற்குரியது. இவ்வொரு வேற்றுமையை நன்கு மனத்திற் பதித்துக்கொண்டோமாயின், இனிக் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

வஞ்சகன் நுழையும் மூன்று வாயில்கள்

வஞ்சகர் நம்மிடம் மூன்று வாயில்களால் வருகின்றனர். முதலாவது, நேரே தொலைபேசியில் அழைத்தல். இரண்டாவது, இணையத்தில் ஏதேனும் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திடீரெனத் திரை முழுவதையும் மறைத்து, "வைரஸ் புகுந்துவிட்டது, கணினியை அணைக்காதீர், இவ்வெண்ணுக்கு உடனே பேசுக" என்னும் அறிவிப்பினை அபாய ஒலியுடன் தோன்றச் செய்தல். மூன்றாவது, வங்கி, குளிர்பதனப் பெட்டி, மென்பொருள் முதலியவற்றின் உதவி எண்ணை நாம் இணையத்தில் தேடும்போது நம் கண்ணிற் படுமாறு பொய்யெண்களை இட்டு வைத்தல்.

இவற்றுள் பின்னைய இரண்டும் முன்னையதைவிட நுட்பமானவை. என்னை? அவற்றில் அழைப்பவர் நாமே ஆகிறோம். 'யாம் அல்லவோ அழைத்தோம். ஆகையால் பேசுபவர் மெய்யான அலுவலரே' என்று மனம் அமைதியடைந்துவிடுகிறது. ஆதலின், மேலே கூறிய விதியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். நாம் அழைத்தால் மட்டும் போதாது. அழைக்கும் எண் நம்பத்தக்க இடத்திலிருந்து எடுத்ததாயும் இருத்தல் வேண்டும். வங்கி அட்டையின் பின்புறம், கணக்குப் புத்தகம், பொருள் வாங்கிய ரசீது, நிறுவனத்தின் சொந்த இணையதளம் ஆகியவையே அவ்விடங்கள். திரையில் தானாகத் தோன்றிய எண்ணும், குறுஞ்செய்தியில் வந்த எண்ணும், அழைத்தவரே கொடுத்த எண்ணும் எண்களல்ல, தூண்டில்கள்.

அழைத்த எண் இந்திய எண்ணாகத் தோன்றுவதும் சான்றாகாது. கைப்பேசியிற் காணும் எண்ணைப் பொய்யாக அமைத்து அனுப்ப வஞ்சகர் வல்லர். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்போல வேடமிடும் அழைப்புகளைத் தடுக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டினைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டன என்று அரசாங்கம் தெரிவித்தது. முகமூடி அணிதல் எத்துணை எளிதென்பது இதனாற் புலப்படும்.

காட்டும் சான்றுகளும் அவற்றின் உண்மையும்

இனி, ஓர் உதாரணம் கொள்வோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பிற்பகலில் தனித்திருக்கிறார் எனக் கருதுவோம். தொலைபேசி மணி ஒலிக்கிறது. "சார், நாங்கள் விண்டோஸ் உதவி நிலையத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் கணினியிலிருந்து எங்களுக்குப் பிழைச் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அண்மையில் அது சற்று மெதுவாக இயங்குகிறதல்லவா?" என்று பணிவான குரல் கேட்கிறது. சில ஆண்டுகள் பழகிய கணினி எதுதான் மெதுவாக இயங்காதது? எவர்க்கும் பொருந்தும் அச்சொல் தமக்கே உரியதென்று கேட்பவருக்குத் தோன்றுகிறது. அவர் "ஆம்" என்கிறார். முதற்படி முடிந்தது.

பின்பு சான்று காட்டும் படலம் தொடங்குகிறது. இதுவே இவ்வஞ்சகத்தின் உயிர்நிலை. வஞ்சகன் தன் சொல்லை நம்பச் சொல்வதில்லை. "நீங்களே பாருங்கள், சார்" என்கிறான். கணினியின் நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறக்கச் செய்கிறான். அங்கே சிவப்பும் மஞ்சளுமாகிய குறிகளுடன் நூற்றுக்கணக்கான பிழைகளும் எச்சரிக்கைகளும் வரிசையாக நிற்கின்றன. "இவையெல்லாம் வைரஸ்கள்" என்கிறான். உண்மை யாதெனில், அது கணினி தன் அலுவல்களைத் தானே குறித்துக்கொள்ளும் நாட்குறிப்பு. ஒரு மென்பொருள் சில விநாடி தாமதித்தாலும், அச்சுப்பொறி இணைக்கப்படாமலிருந்தாலும் அதில் ஒரு வரி ஏறிவிடும். செம்மையாக இயங்கும் கணினியிலும் அக்குறிகள் மிகுதியாகவே இருக்கும்.

அடுத்து, கறுப்புத் திரை ஒன்றில் ஒரு கட்டளையைத் தட்டச்சுச் செய்யச் சொல்லுகிறான். எண்ணும் எழுத்தும் கலந்த நீண்டதோர் அடையாளக் குறி தோன்றுகிறது. "உங்கள் கணினியின் உரிம எண் எங்களிடம் உளது, வாசிக்கிறேன், சரிபாருங்கள்" என்று சொல்லி, 888 என்று தொடங்கும் அக்குறியைப் பிழையின்றி ஒப்பிக்கிறான். கேட்பவர் வியக்கிறார். ஆயின் அஃது உரிம எண்ணன்று. விண்டோஸின் உறுப்பு ஒன்றுக்கு இட்ட பெயர். தென்காசியிலும் டோக்கியோவிலும் உள்ள விண்டோஸ் கணினிகளில் அக்குறி ஒன்றே. 'உங்கள் ஊர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன' என்று ஒருவன் சோதிடம் கூறுவதை இஃது ஒக்கும்.

மூன்றாவது, மற்றொரு கட்டளையால் கணினி அப்பொழுது கொண்டுள்ள தொடர்புகளின் பட்டியலைக் காட்டுகிறான். அதில் ஒரு நிரலின் தலைப்பு 'ஃபாரின் அட்ரெஸ்' என்றிருக்கும். "பார்த்தீர்களா? வெளிநாட்டார் உங்கள் கணினியில் நுழைந்திருக்கின்றனர்" என்று அச்சுறுத்துகிறான். அத்தலைப்பின் பொருள் தொடர்பின் மறுமுனை என்பதே. நாம் நாளிதழ் ஒன்றை இணையத்திற் படித்தாலும் அந்நாளிதழின் கணினி அந்நிரலில் இடம்பெறும்.

இம்மூன்றிலும் கண்ணாற் காண்பது மெய். அதற்கு வஞ்சகன் கூறும் பொருளே பொய். நேரிற் கண்டதைக் கற்றவர் நம்புவர் என்பதை அவன் அறிந்திருக்கிறான். ஆகலின் கல்வி மட்டுமே இதற்குக் காப்பாகாது. அறியாத மொழியில் எழுதிய ஏட்டை நம் கையிற் கொடுத்து, அதற்கு உரை கூறும் பொறுப்பையும் அந்நியனிடமே ஒப்படைப்பது போன்றது இது. ஏடு பொய்யன்று, உரையாசிரியனே பொய்யன்.

சாவியைக் கொடுத்தல்

அச்சம் முற்றியபின், "இம்மென்பொருளை நிறுவுங்கள், நாங்களே பழுதை நீக்குவோம்" என்று கூறப்படும். எனிடெஸ்க், டீம்வியூவர் முதலியன தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க உதவும் மென்பொருள்கள். அவை தம்மளவில் தீயனவல்ல. மெய்யான பணியாளரும், நாம் வேண்டிக்கொண்டபோது, அவற்றைக் கையாள்வதுண்டு. வீட்டுச் சாவி தீயதா? அன்று, அதனைத் தெருவிற் செல்பவனிடம் கொடுத்தலே தீது. எனிடெஸ்க் வாயிலாக நடைபெறும் பணமோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

தொலைவிலுள்ளவன் கணினியினுள் நுழைந்த பின்னர் நிகழ்வன பலவகைப்படும். பொய்ப் பழுதுக்கு மெய்க் கட்டணம் பெறுதல் ஒருவகை. சேமித்த கடவுச்சொற்களைக் கவர்தல் மற்றொருவகை. திரையில் தோன்றும் ஓ.டி.பி. எண்ணைத் தானே படித்துக்கொள்ளுதல் பிறிதொருவகை. இவற்றினும் கொடியது, பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறும் கபடமாகும். "உங்கள் கட்டணத்தைத் திருப்பியளிக்கிறோம், வங்கிக் கணக்கைத் திறவுங்கள்" என்பர். திரையிற் காணும் இலக்கங்களை மட்டும் மாற்றியமைத்து, 5,000 ரூபாய்க்குப் பதிலாக 50,000 ரூபாய் வந்துவிட்டதுபோலக் காட்டுவர். "ஐயோ, என் வேலை போய்விடுமே, மீதியை அனுப்பிவிடுங்கள்" என்று அழுவாருமுண்டு. வராத பணத்திற்கு இரங்கி, நேர்மையுள்ளவர் தம் சொந்தப் பணத்தை அனுப்பிவிடுகின்றனர். இங்கே கருவியாவது அவரது பேராசையன்று. அவரது நற்குணமே என்பது வருந்தத்தக்கது.

யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண்ணை இடவேண்டுவதில்லை. செலுத்துவதற்கே அவ்வெண் வேண்டும். 'பணம் வரும், பின் எண்ணை இடுங்கள்' என்று சொல்பவர் எவராயினும் அவர் பொய்யர் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

இதன் வரலாறு

இவ்வஞ்சகத்தின் பெரும்பகுதி நம் நாட்டு மண்ணிலிருந்தே நடத்தப்பட்டது என்பதை நாணத்துடன் கூறவேண்டியிருக்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய ஆறு வழக்குகளை அறிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து நடந்தவற்றைப் பற்றியன. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் உள்ளோரை அழைத்து, இல்லாத வைரஸை நீக்குவதற்கு 49 முதல் 450 டாலர் வரை பெற்றனர் என்பது குற்றச்சாட்டு. 2018 நவம்பரில் குருகிராம், நொய்டா ஆகிய நகரங்களின் காவலர் 16 அழைப்பு நிலையங்களிற் சோதனை நடத்தினர். 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'சக்ரா' என்னும் நடவடிக்கையின் இரண்டாம் கட்டத்தில் 76 இடங்களைச் சோதித்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட கணக்கின்படி, இவ்வகை மோசடியால் 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டார் இழந்ததாக முறையிட்ட தொகை 92 கோடி டாலருக்கும் மேற்பட்டது.

பிற நாட்டாரை ஏமாற்றக் கற்றுக்கொண்ட இவ்வித்தை நம்மவரையும் விட்டுவைக்கவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021-இல் 16 நாடுகளில் நடத்துவித்த ஆய்வில், முந்திய ஓராண்டில் இத்தகைய மோசடி முயற்சியைச் சந்தித்ததாகக் கூறியோர் எல்லா நாடுகளிலும் சேர்த்து 100-க்கு 59 பேர். இந்தியாவில் 69 பேர். முதியோரினும் இளைஞரே இவ்வலையில் மிகுதியாகச் சிக்கினர் என்பதும் அவ்வாய்விற் கண்ட செய்தி. 'கணினி நமக்குக் கைவந்தது' என்னும் எண்ணமே இளைஞருக்குப் பகையாகின்றது போலும்.

இவ்வஞ்சகத்திற்கு உறவினர் பலருண்டு. 'இன்றிரவு மின்னிணைப்புத் துண்டிக்கப்படும்' என்னும் குறுஞ்செய்தி ஒன்று; 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது; நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்' என்னும் காணொளி மிரட்டல் மற்றொன்று. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்பதொன்று இல்லை. 2024 அக்டோபர் 27-இல் தம் வானொலி உரையில் இதனைப் பற்றி எச்சரித்த பிரதமர் நரேந்திர மோடி, நிற்றல், சிந்தித்தல், செயற்படல் என்னும் மூன்று படிகளைக் கடைப்பிடிக்குமாறு கூறினார். வேடங்கள் பலவாயினும் நாடகம் ஒன்றே: அச்சுறுத்து, அவசரப்படுத்து, பிறரிடம் பேசவிடாதே. தொலைபேசியை வைக்கவே கூடாதென்று அழைப்பவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவேயாகும். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் உள்ளே வந்து "யாரிடம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டாற் போதும், நாடகம் கலைந்துவிடும்.

செய்யத்தக்கன

குற்றாலத்துப் பேரருவியில் வெள்ளம் பெருகி வளைவின்மேற் பாயத் தொடங்கினால், காவலர் அனைவரையும் வெளியேற்றிவிடுவர். நீர் இன்னும் எவ்வளவு பெருகும், எப்பொழுது தணியும் என்று அருவியின்கீழ் நின்றுகொண்டு எவரும் வாதிடுவதில்லை. முதலில் வெளியேறுவது, பிறகு விசாரிப்பது. ஐயத்திற்குரிய அழைப்பிலும் முறை இதுவே. வஞ்சகனோ அலுவலனோ என்று அவனிடமே கேட்டுத் தெளிய முயலவேண்டா. விடைபெறாமலே தொலைபேசியை வைத்துவிடலாம். அது மரியாதைக் குறைவாகாது. மெய்யான நிறுவனமாயின், நாம் பின்னர் நம்பத்தக்க எண்ணில் அழைக்கும்போது அது வருத்தப்படப்போவதில்லை.

திரையை மறைக்கும் அபாய அறிவிப்புத் தோன்றினால், அதிற்கண்ட எண்ணை அழைத்தலும், அதன்மேற் சொடுக்குதலும் கூடா. எஃப் 11 என்னும் விசையையோ, ஆல்ட் விசையுடன் எஃப் 4 விசையையோ அழுத்தினால் அது பெரும்பாலும் நீங்கும். நீங்காவிடின் கணினியின் மின்விசையை நெடுநேரம் அழுத்தி அணைத்து, மீண்டும் தொடங்கலாம். அணைத்தால் யாவும் அழியும் என்னும் மிரட்டலுக்கு அஞ்சவேண்டுவதில்லை. அந்த அறிவிப்பு ஓர் இணையப் பக்கமேயன்றிப் பிறிதில்லை.

ஒருவேளை அந்நியனைக் கணினியில் நுழையவிட்டுவிட்டால், உடனே இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். பின், வேறொரு கைப்பேசியினால் வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் செய்தல் வேண்டும். அதனோடு, நாடு முழுவதற்கும் பொதுவான 1930 என்னும் எண்ணுக்கு முறையிடல் வேண்டும். 2021-இல் 155260 என்று தொடங்கி, பின்னர் 1930 ஆக மாறிய இவ்வுதவி எண், காவல்துறையையும் வங்கிகளையும் ஒரே வலையில் இணைக்கிறது. கள்ளப்பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கும், அதிலிருந்து பிறிதொன்றிற்கும் விரைந்து ஓடும். அது எங்கேனும் தங்கியிருக்கும்போதே முறையீடு சென்றால் அங்கேயே நிறுத்திவைக்க இயலும். வெளியே எடுக்கப்பட்டபின் முறையிட்டால் பெரும்பாலும் பயனில்லை. ஆதலின் முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் அரியது. பணம் சென்ற நேரம், தொகை, பரிமாற்ற எண், அழைத்தவனின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும், மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்திலும் எழுத்து மூலமாக முறையிடலாம்.

வங்கிக்கு விரைந்து அறிவிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்திருப்பின், வங்கிக்கு அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்றும், அறிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றும் வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் ஒரு கணக்கு.

இவற்றின்பின், கடவுச்சொற்களை வேறொரு கருவியினின்று மாற்றி, பழகிய தொழில்வல்லார் ஒருவரைக் கொண்டு கணினியைச் சோதித்து, நிறுவிய மென்பொருளை அகற்றுதல் வேண்டும். சில நாட்களுக்குப்பின், "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வேறொருவர் அழைக்கக்கூடும். அவரும் அக்கூட்டத்தாரே. அதுவும் அழையாது வரும் உதவியன்றோ?

வீட்டாரின் கடமை

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறவேண்டும். ஏமாந்தவரைப் பெரும்பாலும் வாய்மூடச் செய்வது வஞ்சகனுடைய மிரட்டலன்று; வீட்டாரின் ஏளனத்திற்கு அஞ்சும் அச்சமே. 'மகன் என்ன சொல்வானோ? படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று ஊரார் நகைப்பரே' என்று கருதி, முதியவர் ஒருவர் இரவு முழுவதும் உறங்காமல் மௌனமாயிருந்துவிடுகிறார். காலையில் அவர் சொல்லும்போது பணம் நெடுந்தொலைவு சென்றிருக்கும். "தாத்தா, யாரேனும் கணினியைப் பற்றி அழைத்தால், எந்நேரமாயினும் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், ஏதேனும் நேர்ந்துவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன்" என்று பேரன் ஒருவன் முன்கூட்டியே சொல்லிவைப்பானாகில், அச்சொல் எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளினும் மேலான காப்பாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொலைபேசியின் அருகே வங்கியின் எண்ணையும் 1930 என்னும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைத்தல் சிறியதோர் உழைப்பு; பயனோ பெரிது.

நாம் எப்பக்கத்தில் நிற்போம்?

மாணவ நண்பர்களே! இவ்விஷயத்தில் நமக்குள்ள பங்கு ஏமாறாதிருத்தல் மட்டுமன்று. அழைப்பு நிலையங்களிற் பேசிய அப்பணிவான குரல்கள் யாருடையவை? ஆங்கிலமும் கணினியும் கற்று, வேலை தேடி அலைந்த பட்டதாரிகளின் குரல்கள் அவற்றிற் பல. இனிமையாகப் பேசும் ஆற்றல், பொறுமை, கணினி அறிவு ஆகியவை மத்தளம்பாறையில் நேர்மையான தொழிலுக்கு முதலாகின்றன. அவையே வேறோர் இடத்தில் முதியோரை அழச்செய்யும் தொழிலுக்கும் முதலாகின்றன. கல்லூரி தரும் திறமை ஒன்றே. அதனை வாங்குவோர் இருவர்.

தெரிந்து சென்றோர் சிலர். தெரியாது சிக்கினோரும் பலர். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டோருள் 13 தமிழர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் அவ்வெல்லைப் பகுதி மோசடி நிலையங்களினின்று விடுபட்ட 549 இந்தியரை அரசாங்கம் விமானங்களில் அழைத்துவந்தது. இங்கும் முறை பழையதே: நாம் விண்ணப்பிக்காத வேலை, நம்மைத் தேடி, வாட்ஸப் வழியே, அதிக ஊதியத்துடன் வருகிறது. அழையாது வரும் உதவியைப் போலவே, கேளாது வரும் வேலையையும் ஆராய்தல் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்றவர்தாமா என்று பார்த்தல் இன்றியமையாதது.

அறிந்தே அத்தொழிலிற் புகுவார்க்குச் சட்டம் இடும் தண்டனையும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, கணினியின் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவார்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் தண்டனைக்கு அஞ்சித் தீமையை விலக்குவதினும், மறுமுனையிற் பேசுபவர் நம் பாட்டனாரைப் போன்ற ஒருவர் என்று நினைந்து விலக்குவதே கற்றோர்க்கு அழகு.

தொலைபேசி நம்மையும் தொலைவிலுள்ள அன்பரையும் இணைப்பதற்கு வந்தது. வஞ்சகர் சிலரால் அதனைக் கண்டே அஞ்சவேண்டிய நிலை முதியோர்க்கு வரலாகாது. அச்சத்தினாலன்றித் தெளிவினாலே காக்கப்பெறுவோம். அழையாது வந்தவரிடம் எதையும் ஒப்படையாதிருப்போம்; நாமே தேடிய எண்ணில் நாமே அழைப்போம்; இழப்பு நேரின் ஒரு மணி நேரத்திற்குள் சொல்லுவோம்; சொன்னவரை இகழாது தாங்குவோம். இந்நான்கினையும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் அண்டை வீடு இரண்டிலும் எடுத்துரைப்பாராயின், பொதிகைச் சாரலில் அவ்வஞ்சகனின் தூண்டிலுக்கு மீன் அகப்படுதல் அரிதாகும்.